ஒருத்தர் இறங்கணும்

படகில் மூன்றாவது ஆள் கால் வைத்ததும் அவர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஏறியது யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ஒருத்தரு எறங்கணும்" என்பார். அவ்வளவுதான். யார் இறங்குவது என்பது ஏறியவர்கள் பாடு. ஒருவர் இறங்கும்வரை படகு ஓரங்குலம் நகராது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அதை எழுத எனக்கு உரிமை இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். 'அவர்' என்று சொல்வதுகூடப் பிற்பாடு வந்த பழக்கம்தான். என்னைவிட இருபது வயது மூத்த மனிதரை எங்கள் ஊரில் நண்டு சிண்டு எல்லாம் 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் சேரிக்காரர், நாங்கள் நிலம் வைத்திருந்த ஊர்க்காரர்கள். எங்களை அவர் 'ஆண்டே' என்பார். என் அப்பா பெரியாண்டே, நான் சின்னாண்டே.

எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்குப் பக்கம். ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. எதிர்க்கரையில் தெலுங்கு பேசுகிற ஊர் ஒன்று. கரையைச் சுற்றி நடந்தால் அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும், படகில் கால் மணி நேரம். ஏரியில் இருந்தது ஒரே படகு, அவருடையது. மீன் பிடிக்கவும், அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகவும் ஊர் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. கையகல நிலமில்லாத அந்தக் குடும்பத்துக்கு ஏரிதான் சோறு போட்டது. ஊர்க்கூட்டம் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் போய்விடும். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

படகின் நடுவில் அவரே ஒரு பெட்டி அடித்திருந்தார். இரண்டு பக்கமும் பலகை அறைந்து, இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்துவிட்டு, பெட்டிக்கு நேர் கீழே, படகின் அடிப்பலகையில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஏழெட்டு ஓட்டை போட்டிருந்தார். ஏரித் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகப் பெட்டிக்குள் வரும், போகும். பிடித்த மீன் அதற்குள்ளேயே நீந்திக்கொண்டிருக்கும். மேலே ஒரு மர மூடி. அது இல்லையென்றால் விரால் துள்ளி ஏரிக்கே போய்விடும். படகில் வேண்டுமென்றே ஓட்டை போட்ட மனிதரை எங்கள் ஊர் சும்மா விடுமா? 'ஓட்டைப் படகு' என்று பெயர் வைத்தோம். அவர் வாய்விட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

செத்த மீனை அவர் விற்கமாட்டார். கரைக்கு வந்து மூடியைத் திறக்கும்போது ஒன்று மல்லாந்து கிடந்தாலும் முகம் சுண்டிப்போகும். அன்று முழுக்க அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு திரிவார். வலையில் உரசிப் புண்ணானதைத் தனியாக ஒரு பானையில் விட்டு, மஞ்சள் குழைத்துத் தடவுவார். எருமை இறங்கிக் கலக்குகிற பக்கம் படகைக் கட்டமாட்டார். வெயில் திரும்பத் திரும்ப, கரையிலிருந்த புங்கமரத்து நிழலோடு படகையும் நகர்த்துவார். மீனுக்கு வைத்தியம் பார்க்கிற கிறுக்கன் என்பது ஊரின் முடிவு. அவர் கொண்டுவரும் தண்ணீரை நாங்கள் தொடமாட்டோம், அந்தத் தண்ணீரில் நீந்திய மீனை மட்டும் சப்புக்கொட்டிச் சாப்பிடுவோம். அதில் இருந்த கேலிக்கூத்து அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒருமுறை எங்கள் வீட்டு வாசலில் மீன் எடுத்துக் கொடுக்கும்போது, அவர் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டதை அம்மா பார்த்தாள்.

"எதுக்குடா ஒவ்வொரு தபாவும் கைய நனைக்கிற?" என்று கேட்டாள்.

அவர் அதிசயமாக நிமிர்ந்தார். "காஞ்ச கை பட்டா அது மேல இருக்கிற வழவழப்பு போயிடும் ஆண்டம்மா. அந்த வழவழப்புதான் அதுக்குத் தோலு, துணி, எல்லாம். அது போயிடுச்சின்னா ரெண்டு நாள்ல புண்ணு புடிச்சிக்கும். நனைச்ச கையின்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்து, மீனை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும், செவுளில் ஏன் விரல் விடக்கூடாது என்று கால் மணி நேரம் பேசினார். அம்மாவுக்கு அடுப்பில் உலை. "சரி சரி, போய்க்கினு இரு" என்று உள்ளே வந்துவிட்டாள். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டால் சொல்லக்கூடியவர் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

'ஒருத்தரு எறங்கணும்' என்பதில் எந்த ஒழுங்கும் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. சில நாள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தன் பாட்டுக்குப் போவார். சில நாள், அதுவும் நல்ல வேட்டை கிடைத்த நாளில், அவரைத் தவிர ஓர் ஆளுக்கு மேல் ஏற்றமாட்டார். நாலு மீன் கிடைத்ததும் திமிர் ஏறிவிடுகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படி நல்ல வேட்டை கிடைத்த ஒருநாள் கிராம முன்சீப்பும் தலையாரியும் எதிர்க்கரை மதகைப் பார்க்கப் படகில் ஏறினார்கள். முன்சீப் கனத்த உடம்புக்காரர், முன்கோபியும்கூட.

"ஒருத்தரு எறங்கணும்" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"யார்ரா எறங்கணும்? நானா?"

"யாருன்னாலும் சரி ஆண்டே. ஒருத்தரு எறங்கணும்."

தலையாரி இறங்கி, உச்சிவெயிலில் கரையைச் சுற்றி நடந்தார். முன்சீப் அக்கரை போய்ச் சேரும்வரை உறுமிக்கொண்டே போனாராம். அதை அவர் மறக்கவும் இல்லை.

இன்னொரு நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். நல்ல மழைக்காலம். கரை ஓரிடத்தில் உடைந்து பாதை அற்றுப்போயிருந்தது. என் அண்ணிக்குப் பிரசவ வலி எடுத்து இரண்டு நாள் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. நகரி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும், அதற்கு அக்கரை போய் ரோட்டைப் பிடிக்கவேண்டும். அண்ணி, அம்மா, மருத்துவச்சி, நான் என்று நான்கு பேர் கரையில் நின்றோம். அவர் அப்போதுதான் வேட்டை முடித்து வந்திருந்தார். பெட்டி நிறைய விரால். இன்று யாரை இறக்கப்போகிறானோ என்று நான் கரையிலேயே தயங்கி நின்றேன்.

அவர் பெட்டிப் பக்கம் குனிந்தார். மூடியைத் திறந்தார். கையை நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு விராலாக இரண்டு கையாலும் ஏந்தி ஏரியில் விட்டார். விடியற்காலையிலிருந்து பாடுபட்டுப் பிடித்த மீன், எட்டோ ஒன்பதோ. கடைசி மீனையும் விட்டுவிட்டு, "ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்றார். அன்றைக்கு அவர் மனிதர் யாரையும் இறக்கவில்லை.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வாயில்லாத ஜீவனுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து, எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டான் என்று அவளுக்குப் பட்டது. அண்ணியும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது மாசமானால் உயிருள்ள ஒரு விராலை வாங்கி ஏரியில் விடுவது வழக்கமாயிற்று. பிறகு ஊர் முழுக்கவும் அது பரவியது. அவரிடமே மீன் வாங்கி, அவர் கண்ணெதிரே விடுவோம். அவர் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார். நாங்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டோம்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போகவேண்டும் என்றது. எதிர்க்கரை ஊர் ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்றது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை ஊரின் எல்லைக் குழுவுக்குக் காரியதரிசி ஆக்கினார்கள். மனு எழுதுவேன், திருத்தி எழுதுவேன், அழகான கையெழுத்தில் மறுபடியும் எழுதுவேன். தேசமே என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தலைகால் புரியாமல் திரிந்த வயது.

ஒரு பங்குனியில், எல்லை விஷயமாக ஓர் அதிகாரி எங்கள் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்தது. தாலுகா ஆபீஸ் பியூன் ஒருவர் முன்சீப்பின் காதில் ஓதினார்: "அவருக்கு வெராலு கொழம்புன்னா உசுரு. ஆனா உசுரோட கொண்டாந்து ஆக்கினாத்தான் துன்னுவாரு. செத்த மீனுன்னா தட்டையே தொடமாட்டாரு." அவ்வளவுதான், என் மனுவைவிட விரால் முக்கியமாகிவிட்டது. முழங்கை நீளத்துக்குப் பதினொரு விரால் பிடித்துப் பெட்டியில் வைக்கும்படி அவருக்கு உத்தரவு போனது. பொறுப்பு என்னிடம்.

அவர் இரண்டே நாளில் பிடித்துவிட்டார். அதிகாரிதான் வரவில்லை. நாளைக்கு என்றார்கள், பிறகு நாளன்றைக்கு என்றார்கள், பிறகு வெள்ளியோ சனியோ என்றார்கள். அவர் கரையிலேயே கிடந்தார். நிழலோடு படகை நகர்த்தினார். சோற்றுப் பருக்கை ஒன்றுகூடப் பெட்டியில் விழவிடவில்லை, தண்ணீர் கெட்டுப்போகும் என்று. ஒருநாள் நான் போனபோது மூடியின்மேல் காதை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

"இன்னாடா, மீனு ஜோசியம் சொல்லுதா?" என்றேன்.

அவர் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு எழுந்து, "கீதுங்க சின்னாண்டே. பதினொண்ணும் கீதுங்க" என்றார். மூடியைத் திறக்காமலே எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் உச்சிவேளையில் அவரைத் தேடி ஆள் வந்தது. நகரிக்குப் பக்கத்தில் தாய்வீட்டில் இருந்த அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"காலைல வந்துடறேன் சின்னாண்டே. படகு நெழல்லயே கெடக்கட்டும். யாரும் அதுல ஏறக்கூடாது."

"நான் பாத்துக்கறேன், போடா."

"ஒருத்தருகூட ஏறக்கூடாது ஆண்டே. நீங்ககூட."

எனக்குச் சுருக்கென்றது. முன்சீப்பையே இறங்கச் சொன்ன வாயல்லவா அது, என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அன்று பிற்பகல் எதிர்க்கரை ஆட்கள் இரண்டு பேர் எங்கள் கரைமேல் நடந்துபோனார்கள். படகைப் பார்த்து ஏதோ தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்கள். என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இவர்கள் படகை அவிழ்த்துக்கொண்டு போனால்? மூடியைத் திறந்து மீனை விட்டுவிட்டால்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்க எனக்கு நேரமில்லை, மாலையில் குழுக் கூட்டம் இருந்தது. ஓர் உபாயம் தோன்றியது. ஏரிக்கரையில் அடுக்கியிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து படகில் போட்டேன். பதினான்கு கல். ஒவ்வொரு கல்லுக்கும் படகு கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. இனி நான்கு பேர் சேர்ந்தாலும் அதை நகர்த்தமுடியாது. பிறகு மூடியின் நான்கு மூலையிலும் நான்கு ஆணி அறைந்தேன். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மறுநாள் காலையில், அதிகாரியின் ஜீப் புத்தூரை விட்டுக் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. நான் முதல் ஆளாக ஓடி, கற்களை எடுத்துக் கரையில் போட்டேன். படகு பழையபடி மேலே எழும்பியது. அதை யாரும் பார்க்கவில்லை. முன்சீப்பும் சமையல்காரரும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் வந்து சேர்ந்தபோது ஆணியைப் பிடுங்கி மூடியைத் திறந்தேன்.

பதினொன்றும் மல்லாந்து கிடந்தன.

சமையல்காரர் கையை விட்டு ஒன்றைத் தூக்கினார். விறைத்துப்போயிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்போதுதான் அவர் கரைமேல் வந்துகொண்டிருந்தார். வேர்க்க விறுவிறுக்க, முகமெல்லாம் சிரிப்பாக. "பொண்ணு பொறந்துகீது ஆண்டே" என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பு எங்கள் முகங்களைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

அவர் பெட்டியைப் பார்த்தார். மூடியை எடுத்துத் திருப்பினார். அதன் உட்பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். ஆணி அடித்த நான்கு ஓட்டைகளையும் பார்த்தார். பிறகு படகின் தரையில் கிடந்த மண்ணையும் சரளையையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ண?" என்றார் முன்சீப்.

"தண்ணி ஏறியிருக்குது ஆண்டே."

"பங்குனி வெயில்ல ஏரித் தண்ணி ஏறுமாடா? எவன் காதுல பூ சுத்தற?"

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர், "எதிர்க்கரைக்காரன் பேச்சக் கேட்டுக்கினு எதையோ கலந்துட்டான்" என்றார். அந்த வார்த்தை காய்ந்த வைக்கோலில் பட்ட நெருப்பாகப் பற்றிக்கொண்டது. இரண்டு கரையிலும் மீன் விற்பவன்தானே, இரண்டு பாஷையும் பேசுபவன்தானே. முன்சீப் அவர் கன்னத்தில் அறைந்தார். "வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு கீற? பேசுடா!"

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கல் வைத்ததால் மீன் எப்படிச் செத்தது என்று எனக்கு அப்போது தெரியாது, உண்மை. ஆனால் என் கைவேலையில் ஏதோ இருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. 'நான்தான் கல்லைப் போட்டேன்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். காரியதரிசி என்ற பட்டத்துக்கு ஒரு பங்கமும் வந்திருக்காது, நாலு நாள் கேலி செய்திருப்பார்கள். அந்த நாலு நாள் கேலிக்குப் பயந்தேன்.

அதிகாரி வந்தார். மனுவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "இன்னிக்கு சனிக்கிழமை, நான் சைவம்" என்று ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஊரில் அரை மணி நேரம் இருந்திருப்பார். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்கள், பெருமாள் கிழமை. அவரும் அப்படி இருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது.

அதற்குப் பிறகாவது ஊர் ஆறியிருக்கலாம். ஆறவில்லை. அன்று மாலையே கூட்டம் போட்டு, இனி அவர் ஏரியில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் எழுத்துவேலை என்னுடையது. நானே எழுதினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"படகு நான் அடிச்சது. எடுத்துக்கினு போவட்டுமா?"

போ என்றார்கள். சேரியிலிருந்து எட்டுப் பேர் படகைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோடு போனார்கள். மனைவியும் பிறந்த குழந்தையும் ஊர் திரும்புவதற்குள் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். பள்ளிப்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் சேர்ந்துகொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்து எல்லை முடிவாயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பள்ளிப்பட்டு மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் மனு மேல் மனுவாக எழுதி ஏங்கிய பக்கத்துக்கு எங்கள் ஊரிலிருந்து போய்ச்சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்குத் திருப்பதியில் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. ஒருமுறை மனைவி டைபாய்டு வந்து எழுந்தபோது, விரால் ரசம் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மார்க்கெட்டில் உயிருள்ள விரால் இரண்டு வாங்கிவந்தேன். சாயங்காலம் ஆக்கலாம், அதுவரை சுகமாக இருக்கட்டும் என்று பக்கெட்டில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, தட்டால் மூடி, துள்ளாதபடி அம்மிக்குழவியை மேலே வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் செத்துப்போயிருந்தன. ஏமாற்றிவிட்டாள் என்று மீன்காரம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

அவள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ ராமா! நெறைய ஊத்தி மூடிட்டியா சார்? கொரமீனு சார் அது. மத்த மீனு மாதிரி இல்ல. அப்பப்ப மேல வந்து வாயால காத்து குடிக்கணும். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு வெரக்கட எடம் உடலேன்னா தண்ணியிலயே முழுகிச் செத்துடும், மனுசங்க மாதிரி."

விராலைத்தான் அங்கே கொரமீனு என்பார்கள். நான் அந்த மார்க்கெட்டிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு கல். கல் ஏற ஏறப் படகு தாழ்ந்தது. படகு தாழத் தாழ, அடியிலிருந்த ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி மூடியைத் தொட்டிருக்கிறது. ஆணி அறைந்த மூடி. அதற்குக் கீழே பதினொரு உயிர் ராத்திரி முழுக்க முட்டியிருக்கிறது. மூன்றாவது ஆள் ஏறினாலும் இதுதான் நடக்கும். அதனால்தான் ஒருத்தர் இறங்கணும். அண்ணியை ஏற்றிய அன்று இறக்க ஆளில்லாமல் மீனை இறக்கியிருக்கிறார். மூடியில் காது வைத்து எண்ணியது, அவை மேலே வந்து மூச்சு வாங்கும் சத்தத்தை. எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

அந்த வாரமே பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். அதே படகு. கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. படகில் அவர் மனைவி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நிற்கவில்லை.

"வாங்க சார்" என்றார். ஆண்டே இல்லை.

நின்றபடியே சொன்னேன். கல்லைப் போட்டது, ஆணி அடித்தது, மறுநாள் காலையில் கல்லை எடுத்தது, எல்லாம். 'நீங்க' என்று பேசினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் அப்படிப் பேசியபோது நாக்கு தடுக்கியது. "மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும் சார். மண்ணப் பாத்தப்பவே தெரியும்" என்றார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"தண்ணி ஏறியிருக்குதுன்னு சொன்னனே. சிரிச்சாங்களே. நீங்க பண்ணீங்கன்னு சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பாங்களா?"

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "ஏன் ஒருத்தரு எறங்கணும்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"யாரும் கேக்கலியே சார். எறங்கினீங்க, திட்டினீங்க. எதுக்குன்னு ஒருத்தருகூட கேக்கல." வலையைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "இத எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட இல்ல சொல்லணும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து படகுக்குப் போனார். அக்கரையில்தான் பஸ் நிற்கும், அவர்களும் அங்கேதான் போகிறார்கள். நானும் பின்னாலேயே போய் ஏறிவிட்டேன். மூடியின் நான்கு மூலையிலும் அந்த ஆணி ஓட்டைகள் அடைக்கப்படாமல் அப்படியே இருந்தன. அவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவிதான் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒருத்தரு எறங்கணும்."

எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், "எதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் துடுப்பைக் கீழே வைத்தார். பிறகு கையை நனைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குத்தான் இடம் இருந்தது. கறுப்பாக ஒரு தலை மேலே வந்து, 'பொளக்' என்று வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு அடியில் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

"இதுக்குத்தான் சார்."

நான் இறங்கினேன். கரையைச் சுற்றி நடந்தேன்.

அடுத்த அமாவாசைக்கு ஊருக்குப் போனேன். மாரியம்மன் கோயில் வாசலில், கூட்டம் கூடியிருந்தபோது எழுந்து நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். முன்சீப் கிழவராகிவிட்டிருந்தார். "அவன் போயி எத்தினியோ வருஷம் ஆச்சு. இப்போ எதுக்கு அத கெளறிக்கினு" என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன். கல்லைப் போட்டால் மீன் எதற்குச் சாகும் என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று காத்திருந்தேன். பூசாரி மணி அடித்தார். எல்லாரும் எழுந்து உள்ளே போனார்கள்.